கடைசி மீனுக்கு வீட்டுக்காரர் என்று பெயர்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு. நகரக் குடிநீர் நிலையத்தின் முன்னாள் தலைமைப் பரிசோதகரும், முப்பத்து மூன்று ஆண்டு காலம் ஒரு நகரத்தின் தாகத்தைத் தனி ஒருவராகத் தணித்தவருமான பெரியவரின் இல்லத்தில், இன்று திங்கட்கிழமை காலை மணி ஏழு பத்துக்கு, மாமியார் அவர்கள் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாருக்கு வயது ஒன்பது. நீளம் நான்கு விரற்கடை. நிறம் பொன். அன்னாரைப் பிரிந்து மாமனார், நாத்தனார், கொழுந்தன், வீட்டுக்காரர் ஆகியோர் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். நல்லடக்கம் எட்டரை மணி அளவில், பால்கனியில், இடது ஓரத்துப் பூந்தொட்டியில் நடைபெறும்.

இந்த அறிவிப்பை அளவுகோல் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டு எழுதி, மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியவர் மேற்படி பெரியவரேதான். கிண்டலுக்கு எழுதவில்லை. 'நாளை குழாயில் தண்ணீர் வராது', 'நாளை மறுநாளும் வராது' என்று முப்பத்து மூன்று வருடம் எழுதிப் பழகிய கை அது. ஒரு காரியம் நடந்தால் அதற்கு ஓர் அறிவிப்பு வேண்டும், இல்லாவிட்டால் அது நடந்ததாகவே ஆகாது என்பது அவர் கட்சி.

ஊரில் அவருக்குத் தண்ணி சார் என்று பெயர். உடனே வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அந்தத் தண்ணியை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. அவர் தொட்டதெல்லாம் பிளீச்சிங் பவுடரும் குளோரினும்தான். ஊருக்குப் போகிற தண்ணீரில் எவ்வளவு போட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவர். "நான் குடுத்த தண்ணியில ஒரு உயிர் போனதில்ல" என்பது அவருடைய வாக்கியம். கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், முடிவெட்டும் கடையில் கழுத்தில் கத்தி இருக்கும்போதும் சொல்வார். ஓய்வு பெற்ற நாளில் அந்த ஒரு வாக்கியத்தை ஐம்பது நிமிடம் பேசினார். வடையோ பிஸ்கட்டோ ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. குளோரினோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்திய அவருடைய மூக்கு, அவருக்கு ஆறு வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. பக்கத்தில் பால் தீய்ந்தாலும் தெரியாது. அது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மாள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

மீன்கள் அந்த அம்மாளுடையவை. புருஷன் வீட்டு மனிதர்கள் யாராவது மனதைப் புண்படுத்தினால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாள். கடைக்குப் போய் ஒரு மீன் வாங்கி வருவாள், அவர்கள் பெயரை அதற்கு வைப்பாள். மாமியார் என்றால் அவளுடைய மாமியார், அதாவது தண்ணி சாரின் அம்மா. மாமனார் அவருடைய அப்பா. நாத்தனார் அவருடைய அக்கா. கொழுந்தன் அவருடைய தம்பி. ஐந்தாவதாக வந்தவர் வீட்டுக்காரர். சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டிக்கு முன்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தீனியைத் தூவிக்கொண்டே கச்சேரியை ஆரம்பிப்பாள். "என்ன மாமியாரே, இன்னிக்கு உப்பு சரியா இருக்கா? நாத்தனாரே, தட்டைக் கழுவினா கை தேஞ்சிடுமா?" மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த வீட்டில் அவர்கள் அவளுக்குப் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டது அங்கே மட்டும்தான்.

வீட்டுக்காரர் எல்லோரிலும் பெரியவர். நெற்றி புடைத்து, வயிறு முன்னால் தள்ளி, யாருக்கும் வழி விடாமல் தொட்டியின் நட்டநடுவில் மெதுவாகப் போவார். கண்ணோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. தண்ணி சாருக்கும் கண்ணோரத்தில் ஒரு மச்சம் உண்டு. இது தன்னைத்தான் குறிக்கிறது என்று அவருக்குத் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அந்தத் தொட்டியிலேயே அழகான மீன் அது.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் அறைக்குள் நுழைந்தபோது, அவள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்காரர்" என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனத்தை அவர் மறக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை.

பத்து மாதம் அவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. மருமகள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை செய்கிறவள். காலையிலிருந்து 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று ஊராரைக் கேட்டுவிட்டு வருபவள். மகன், எதைச் சொன்னாலும் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு லேப்டாப்புக்குள் போய்விடுபவன். பதினோராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணி சார் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தொட்டியை உற்றுப் பார்த்தார். தண்ணீர் அவருக்குத் திருப்தியாக இல்லை.

"இனிமே இதை நான் பாத்துக்கறேன்மா."

மருமகள் கையில் இருந்த கரண்டியோடு நின்றாள். "எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்? அத்தை எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"தண்ணியைப் பத்தி உங்க அத்தை சொல்லிக் குடுத்தாளா? எந்த ஊர் தண்ணி?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். தண்ணீரைப் பற்றி அவரிடம் வாயைத் திறந்தால் திறந்தவர் மூட முடியாது. ஆற்றிலிருந்து ஆரம்பித்துக் குழாய் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

பொறுப்பு ஏற்றுக்கொண்டவுடன் செய்த முதல் நடவடிக்கை, பால்கனியில் துணி போட்டு மூடியிருந்த நாலு வாளித் தண்ணீரைக் கொட்டியது. தேங்கிய தண்ணீர். கொசுவின் பிறப்பிடம். அதற்காகப் பிறருக்கு எத்தனையோ எச்சரிக்கைக் கடிதம் எழுதியவர், தன் வீட்டுப் பால்கனியிலேயே நாலு வாளி. இரண்டாவது நடவடிக்கை, தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுக் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் விட்டது. மூன்றாவது, தொட்டித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்த மோட்டாருக்குள் இருந்த பஞ்சைக் கழற்றி, அதில் இருந்த பழுப்பெல்லாம் போகிற வரைக்கும் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசியது. தொட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் தொங்குவது போலத் தெரிந்தன.

மறுநாள் காலை மாமியார்.

அடுத்த ஞாயிறு தண்ணீரை மாற்றினார். திங்கட்கிழமை காலை மாமனார். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண் மேலே பார்த்தபடி, செவுள் ரத்தச் சிவப்பாக. அடுத்த திங்கள் நாத்தனார்.

மூன்றாவது பூந்தொட்டியில் நாத்தனாரை வைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கை நின்றது. அம்மா முதலில் போனாள். பிறகு அப்பா. அதன் பிறகு அக்கா. உண்மையிலேயே போன வரிசை அதுதான். இடையில் வருடங்கள் இருந்தன, இங்கே வாரங்கள். மற்றபடி வரிசை மாறவில்லை. மூன்று தொட்டிகளிலும் நட்டு வைத்ததைப் போல மண் குவிந்திருந்தது. நாலாவது தொட்டியும் ஐந்தாவது தொட்டியும் காலியாக, சமனாக, பொறுமையாக இருந்தன.

அவர் உள்ளே வந்தார். மணி நாலு. தொட்டியில் மிச்சம் இருந்த இரண்டு மீன்களும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஆடாமல் அசையாமல், கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, வெளியே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். பிரம்பு நாற்காலி. யாரும் இல்லை. நாற்காலியின் நடுவில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலக் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. பிரம்பு அப்படித்தான் பழகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அன்றைக்கு அதில் உட்காரவில்லை.

மருமகள் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். "மாமா, நாத்தனார் எங்கே?"

"மூணாவது தொட்டியில."

"தண்ணியில ஏதாவது..."

"தண்ணியிலயா? நான் குடுத்த தண்ணியில..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மருமகள் பார்த்ததில்லை. அவளுக்கும் என்னவோ போல இருந்தது.

"உங்க அத்தை ஒவ்வொருத்தரா கூப்பிடறா" என்றார், தொட்டியைப் பார்க்காமல். "வரிசைப்படி கூப்பிடறா. அடுத்தது தம்பி."

அடுத்தது தம்பிதான். புதன்கிழமை கொழுந்தன் சாய்ந்து நீந்த ஆரம்பித்தான். இடது பக்கமாக, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் போல. தண்ணி சார் தம்பிக்குப் போன் போட்டார்.

"எப்படிடா இருக்கே?"

"தலை சுத்துதுண்ணா" என்றான் தம்பி. "ரெண்டு நாளா இடது பக்கமா சாயறேன். படியில பாத்துப் பாத்து இறங்கறேன்."

தண்ணி சார் போனைக் காதில் வைத்தபடியே சாய்ந்து நீந்தும் மீனைப் பார்த்தார்.

வியாழன் அன்று தண்ணீரை மாற்றினார். நோய்க் கிருமியாக இருந்தால் விடக்கூடாது என்று ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரும் வாளியில் கலந்தார். ஒரு சிட்டிகைதான். ஊருக்கே போட்ட கை, அளவு தெரியாதா? வெள்ளிக்கிழமை கொழுந்தன் மல்லாந்து கிடந்தான். போன் அடித்தது. தம்பி மனைவி. படியில் வழுக்கி விழுந்து கால் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றாள்.

"உயிர் இருக்கா?" என்று கேட்டார் தண்ணி சார்.

"கால்தான் மாமா உடைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஒன்பது முறை போன் செய்தார். ஒன்பதாவது முறை தம்பியே எடுத்தான். "அண்ணா, நீ நல்ல மனசோட கேக்கறியா, வேற ஏதாவது எதிர்பாத்துக் கேக்கறியான்னு எனக்குப் புரியல. காலுக்குக் கட்டுப் போட்டாச்சு. நல்லா சாப்பிடறேன். போனை வச்சிடு."

தம்பி பிழைத்தது அவரை ஆறுதல்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் அரசாங்க வேலை பார்த்தவர். உத்தரவு ஒரு நாளில் வந்துவிடும். அது நடைமுறைக்கு வரத்தான் தாமதமாகும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

தொட்டியில் இப்போது வீட்டுக்காரர் மட்டும். ஒற்றை மீனுக்கு அந்தத் தொட்டி மிகப் பெரிதாக இருந்தது. மோட்டாரின் உறுமல் பகலெல்லாம் கேட்டது. நடுவில் ஒரு மூச்சு நின்று மறுபடி ஆரம்பிக்கும். நிற்கிற அந்த ஒரு நொடியில் வீட்டுக்காரரும் நின்றுவிடுவார். தண்ணி சாரும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டுக்காரரின் துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கினார். தண்ணி சாருக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மாடி ஏறாமலும் வாங்கியது. கண்ணாடிக்கு அருகே குனிந்தால் அவர் முகமும் மீனும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. புடைத்த நெற்றியின் மேல் புடைத்த நெற்றி. மச்சத்தின் மேல் புள்ளி. அவர் வாயை மூடியிருந்தார். ஆனால் கண்ணாடியில் இருந்த முகம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

வேலைக்குப் போகிற அவசரத்தில் மருமகள் இரண்டு முறை நின்று பார்த்தாள். "மாமா, அதைக் கொஞ்சம் விட்டுடுங்களேன். தொட வேண்டாம். ரெண்டு நாள் சும்மா விடுங்க."

"சும்மா விட்டா செத்துடும்."

"அது செத்தா நான்..." என்று அவள் என்னவோ சொல்ல வந்தாள்.

"அது செத்தா நான் செத்தேன்" என்றார் அவர். சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போல. மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அவர் தினமும் தண்ணீரை மாற்றினார். ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை. ஊரையே காப்பாற்றிய மருந்தைத்தான் அவர் கையில் வைத்திருந்தார். அதைவிடப் பெரியது ஒன்று உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியாது. மீன் அவரைக் கண்டதும் தொட்டியின் மறு மூலைக்கு ஓடி, பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தது. சாவு தன் உருவத்தில் வருகிறதோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு எவ்வளவு சரியானது என்று அப்போது அவருக்குத் தெரிந்திருந்தால் மிச்சக் கதை நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு வீட்டுக்காரர் மிதந்தார்.

வெள்ளை வயிறு மேலே. கண்ணில் பால் படிந்திருந்தது. மோட்டார் தள்ளிய தண்ணீரில் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, நாற்காலிப் பக்கம் தலை வந்ததும் அங்கேயே நின்றது. தண்ணி சார் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போய்க் குளித்தார். வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மேஜையில் உட்கார்ந்து அளவுகோல் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டார். 'பொதுமக்களின் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பித்துத் தன்னுடைய அறிவிப்பைத் தானே எழுதினார். தனக்காக எழுதுவதால் அடைமொழியில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. 'நீர்நிலைகளின் நாயகர்' என்பது வரைக்கும் போனார். 'மணி' என்று எழுதியதும் பேனா நின்றது. தெரியாததை எழுதிப் பழக்கமில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டார். கட்டிலில் மல்லாந்து படுத்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினார்.

கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி.

கூடத்தில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மருமகளும் மகனும் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவர் எழுந்து போய் அறை வாசலிலேயே நின்றார். தொட்டியின் நட்டநடுவில், நெற்றி புடைக்க, வயிறு முன்னால் தள்ள, வீட்டுக்காரர் நீந்திக்கொண்டிருந்தார். திரும்பி அவரைப் பார்த்தார். ஓடவில்லை. ஒளியவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தண்ணி சார் கிட்டே போனார். கண்ணோரத்தில் புள்ளி இருந்தது. ஆனால் அது வலது கண்ணோரத்தில் இருந்தது.

அவருடைய மச்சம் இடது பக்கம். காலையில் அந்தப் புள்ளியும் இடது பக்கம்தான். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தெரியாதா? கண்ணாடிக்குள் இருக்கும் உருவம்தான் இப்படி இடம் வலம் மாறி வரும். போன மீன் கண்ணாடியின் அந்தப் பக்கமாகப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தார். பால்கனிக்குப் போனார். ஐந்தாவது பூந்தொட்டியில் மண் குவிந்திருந்தது. ஈரமாக, இப்போதுதான் கிளறிய மண். அவர் கிளறவில்லை. தோண்டிப் பார்க்கலாம் என்று குனிந்தார். தோண்டினால் என்ன கிடைக்கும் என்று நினைத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

பீரோவிலிருந்து பழைய படங்களை எடுத்து மெத்தைமேல் பரப்பினார். மகனின் கல்யாணம் பேசி முடித்த நாள்: எல்லோருக்கும் பின்னால் தொட்டி, அதில் வீட்டுக்காரர், புள்ளி வலது. அவர் ஓய்வு பெற்று மாலையோடு வந்த நாள்: புள்ளி இடது. மனைவியின் பிறந்த நாள்: வலது. அதற்கு முந்திய வருடம் ஒரு படத்தில் புள்ளி கண்ணோரத்திலேயே இல்லை, நெற்றியின் உச்சியில் இருந்தது. எட்டு வருடமாக அவருடைய முதுகுக்குப் பின்னால் அந்த மீன் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அவர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்.

ராத்திரி படங்களை அடுக்கி மறுபடி பீரோவில் வைத்தார். காலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொட்டித் தண்ணீரோடு மீனை எடுத்துக்கொண்டு, மனைவி வழக்கமாகப் போகும் வண்ணமீன் கடைக்குப் போனார்.

சுவரெல்லாம் தொட்டிகளாக இருந்த குறுகலான கடை. ஏணியில் நின்று வலை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் கீழே பார்த்தார். "என்ன சார் வேணும்?"

"மீனுக்கு இருக்கற புள்ளி, ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குப் போகுமா?"

"புள்ளியா? மீன்தான் போகும். புள்ளி அங்கேயே இருக்கும்." அவர் இறங்கி வந்து பையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தண்ணி சாரின் நெற்றியை, வயிற்றை, மச்சத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா அந்த வீட்டுக்காரர்?"

தண்ணி சார் தன் மச்சத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா எட்டு வருஷத்துல இதே மாதிரி அஞ்சு வாங்கியிருக்காங்க சார். நெத்தி புடைப்பா இருக்கணும், தொப்பை இருக்கணும், கண்ணுகிட்ட ஒரு புள்ளி இருக்கணும். எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்ல, அவர் அவ்வளவு உத்துப் பாக்கமாட்டார்னு சொல்லுவாங்க. அக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவாங்க போல. வந்த மறுநாள் இங்க நிப்பாங்க. 'நான் இல்லாதப்ப தண்ணி மாத்திட்டார் தம்பி, வீட்டுக்காரர் போயிட்டார், இன்னொரு வீட்டுக்காரர் குடு'ன்னு. மத்த மீனெல்லாம் அப்ப இளசு, தாங்கிடும். இந்த ஜாதி மட்டும் கொஞ்சம் பெருமூச்சு ஜாதி, முதல்ல படுத்துடும். இப்ப மத்ததுக்கெல்லாம் வயசாயிருக்கும், அதுங்கதான் முந்தும்."

"நேத்து யாரு வாங்கினது?"

"உங்க மருமகள்தான். மத்தியானம் ஓட்டமா ஓடி வந்தாங்க. செருப்புகூட ஜோடி மாறியிருந்தது." கடைக்காரர் பையின் வாயைப் பிரித்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்துத் தள்ளிப் பிடித்தார். "என்ன சார் இது, நீச்சல் குளம் மாதிரி அடிக்குது?"

தண்ணி சார் குனிந்து முகர்ந்தார். நன்றாக இழுத்து, இரண்டு முறை. ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் நூறு தொட்டி இருந்தது. அதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அவர் மூக்கு முகத்தின் நடுவில் வெறும் மூக்காக இருந்தது.

"குளோரின் மீனுக்கு விஷம் சார். செவுளை வேக வச்சிடும். குழாய்த் தண்ணியை ரெண்டு நாள் வாளியில பிடிச்சு வச்சுட்டுதான் ஊத்தணும். அம்மா பால்கனியில நாலு வாளி வச்சிருப்பாங்களே. அப்பறம் அந்தப் பஞ்சு, அதைக் குழாய்ல கழுவவே கூடாது, தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமியெல்லாம் செத்துடும். இந்த மருந்து பத்துச் சொட்டு விடுங்க, குளோரினை முறிச்சிடும். ஆனா இதுக்கு ஏற்கெனவே செவுள் சிவந்திருக்கு. பிழைச்சா பிழைக்கும். நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும்."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் இரண்டு முறை நின்றார். கையில் இருந்த பையில் மீன் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லியிருந்த மருமகள் கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், எல்லாம் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரியில உங்க அத்தை சொன்னது இதுதானா?"

"'வீட்டுக்காரர் செத்தா உடனே மாத்திடு, அவர்கிட்ட மூச்சு விடாதே'ன்னாங்க. 'என் தண்ணியில ஒரு உயிர் போனதில்லன்னு சொல்லிட்டுத் திரியற மனுஷன், அவர் சொல்லிட்டுப் போகட்டும்'னாங்க."

அவர் மீனை மெதுவாகத் தொட்டியில் விட்டார்.

"மத்த மீனையும் மாத்தியிருப்பேன் மாமா. நீங்கதான் அறிவிப்பு ஒட்டி அடக்கமும் பண்ணிட்டீங்களே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து மத்தியானம் மனசு கேக்காம ஒரு எட்டு பாக்க வந்தேன். மீன் மிதக்குது. மேஜையில உங்க அறிவிப்பு. நேரத்தை மட்டும் விட்டு வச்சிருந்தீங்க. பயந்தே போயிட்டேன். உங்க மூக்குகிட்ட விரலை வச்சுப் பாத்துட்டுதான் கடைக்கு ஓடினேன். வந்து செத்ததை அஞ்சாவது பூந்தொட்டியில புதைச்சுட்டுத் திரும்ப வேலைக்குப் போனேன்."

இத்தனையும் கேட்ட பிறகு தண்ணி சார் தெளிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மனித மூளையைப் பற்றித் தெரியாது. அவர் பத்துச் சொட்டை எண்ணி விட்டார். நாலு வாளியில் தண்ணீர் பிடித்துப் பால்கனியில் வைத்துத் துணி போட்டு மூடினார். பிறகு பிரம்பு நாற்காலியில், அந்தப் பள்ளத்தில், உட்கார்ந்தார். அப்போது அவருக்குள் வேறொன்று மெல்ல ஊர்ந்து வந்தது. வீட்டுக்காரர் ஐந்து முறை போயிருக்கிறார். ஐந்து முறையும் உடனே வேறொருவர் வந்திருக்கிறார். நேற்று போனார், நாலு மணிக்குள் வந்துவிட்டார். தொட்டி ஒரு ராத்திரிகூட வீட்டுக்காரர் இல்லாமல் இருந்ததில்லை. தான் இத்தனை நாள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அதனால்தானோ? அவள் கடைக்கு ஓடி ஓடி அவரை அல்லவா வாங்கி வந்திருக்கிறாள்?

மணி நாலு. புது வீட்டுக்காரர் மேலே வந்து காற்றைக் கடித்தார். இந்த மீன் அவர் மனைவியைப் பார்த்ததே இல்லை. இருந்தும் கீழே இறங்கி, மூக்கைக் கண்ணாடியில் வைத்து, நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. அவர் உட்கார்ந்திருந்தார் என்றாலும், அது பார்த்தது அவருடைய தோளுக்குச் சற்று மேலே, நாற்காலிக்குப் பின்னால். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ம்மா" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் வந்து நின்றாள்.

"இது போச்சுன்னா, இந்தத் தடவை மாத்தாதே."

"மாமா..."

"மாத்தாதேன்னா மாத்தாதே. என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்." ஐம்பது நிமிடம் பேசிப் பழகிய மனிதர், வாழ்க்கையில் பேசியதிலேயே தைரியமான பேச்சு அது. மூன்று விநாடியில் முடிந்துவிட்டது. கைதட்ட ஆளில்லை.

படுக்கப் போகுமுன் மேஜைக்குப் போய்ப் பழைய அறிவிப்பை எடுத்தார். 'நீர்நிலைகளின் நாயகர்' என்பதை அடித்தார். மனைவி பெயருக்குப் பின்னால் ஒரு வரி சேர்க்க நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணி எழுதும் இடம் இன்னும் காலியாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைத்தார், மற்றவர்களுக்குத் தேடுகிற சிரமம் இருக்கக்கூடாது என்று.

மறுநாள் காலை மணி ஏழு பத்துக்கு வீட்டுக்காரர் செத்து மிதந்தார்.

தண்ணி சார் பல் தேய்த்துவிட்டுக் காபி குடித்தார். சர்க்கரை போதவில்லை.